பேருக்குரியவர் வரும்வரை கூவும் குருவி

அந்தக் குருவியை ஒரு தடவை பார்த்தவர்கள் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதுகு சேற்று நிறம், நெஞ்சில் கலங்கின மஞ்சளில் கோடு கோடாக இழுத்துவிட்ட மாதிரி, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை, மொத்த உருவமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். ஈயும் பூச்சியும் பிடிக்கிற சாதி, அதிலும் பெரிய சூரன் என்று சொல்ல முடியாது, பாதி நாள் காட்டுப் பழத்தைத் தின்றே வயிற்றைக் கழுவும். இதற்கெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். அதன் வாயைப் பற்றித்தான் கதை. அந்த வாயை நம்பி ஒரு பெண்பிள்ளை தன் புருஷன் உயிரையே கொண்டுபோய் வைத்தாள் என்பதுதான் கதை.

தென்னமெரிக்காவின் தலைமாட்டில், டெமரரா என்று நம்மவர்கள் சொல்லும் ஒரு கரை இருக்கிறது. கடல் அங்கே நீலமாக இருக்காது, சேறாக இருக்கும். ஆறு காய்ச்சின கஷாயம் மாதிரி கறுப்பாக ஓடும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கண்ணுக்கு எட்டின மட்டும் கரும்பு, கரும்புக்கு நடுவில் கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டின லயங்கள், லயங்களில் செங்கத்துக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் சேலத்துக்காரர்களும், கப்பலில் வந்து இறங்கி, வெட்டு வெட்டென்று வெட்டி, முதுகு நிமிர்ந்து பார்த்தால் ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாமல் நிற்கிற ஜனங்கள். ஆற்றோரத்தில் கடைசியாக இருந்த தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் என்னமோ ஒன்று, நம்மவர்கள் கோடித் தோட்டம் என்றுதான் சொன்னார்கள்.

உண்ணாமலை செங்கத்துக்காரி. புருஷனோடு கப்பல் ஏறினாள், புருஷனோடு இறங்கவில்லை. கப்பல் கரை தொட்ட அன்று அவனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது, தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் போட்டார்கள், பெண்களைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரன் ஏதோ கேட்க, பக்கத்தில் நின்ற துபாஷி, வடக்கத்தி ஆள், தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்டான்: "புருஷன் பேர் என்ன?"

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள். கட்டினவன் பேரைப் பெண்டாட்டி தன் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் அவன் ஆயுசில் ஒரு நாள் உதிர்ந்துபோகும் என்பது அவள் தாய்ப்பாலோடு குடித்த சங்கதி. ஊரில் என்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள், அதற்கென்றே பக்கத்தில் யாராவது நிற்பார்கள். இங்கே பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பேர் தெரியாது, கப்பலில் எல்லாரும் அவனை நெட்டை, நெட்டை என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். துபாஷி மறுபடி கேட்டான், அவள் மறுபடி குனிந்தாள், சரி, இவளுக்குப் புருஷன் இல்லை என்று அவனாகவே முடிவு கட்டிச் சொல்லிவிட்டான். பொழுது சாய்வதற்குள் அவளைப் படகில் ஏற்றிக் கோடித் தோட்டத்துக்கு அனுப்பியாகிவிட்டது. படகு நகர்ந்து கொட்டகைக் கூரை மறைகிற நேரத்தில்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது, அப்புறம் அழுது என்ன, குதித்து என்ன.

அவளோடு ஒரே லயத்தில் இருந்தவள் காத்தாயி, கும்பகோணத்துப் பக்கம், வாய் நீளம், மனசு அதைவிட நீளம். கரும்புக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே நெட்டையின் பேரைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

"சாமி பேரா?"

உண்ணாமலை தலையை ஆட்டுவாள்.

"பெரிய சாமியா, சின்னச் சாமியா?"

"எங்க ஊரு காட்டுச் சாமி. நடுகல்லா நிக்கும். கையில வில்லு இருக்கும்."

"முனியாண்டியா? ஐயனாரா? மதுரைவீரனா?" காத்தாயிக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் வரிசையாக வந்து போயின. காவிரிக்கரைச் சாமி ஒன்றாவது செங்கத்துக் காட்டுக்குப் பொருந்துமா, பொருந்தவில்லை. "ஏண்டி, ஒரே ஒரு தடவை என் காதுல சொல்லித் தொலைச்சா என்ன? ஒரு நாள்தானே குறையும்."

"அனல்ல கிடந்தவங்களை விட்டுட்டு வந்தேன், அக்கா. அவுங்களுக்கு மிச்சம் எத்தினி நாளு கீதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? அந்த ஒரு நாளுதான் மிச்சம்னா?"

ஆற்றில் எந்தப் படகு வந்தாலும் உண்ணாமலை ஓடிப்போய்ப் படகுக்காரர்களிடம் நெட்டையான ஆள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று கேட்பாள், எந்தத் தோட்டத்தில்தான் நெட்டையான ஆள் இல்லை, பேரைச் சொல்லம்மா என்பார்கள், அவள் திரும்பி வந்துவிடுவாள். இப்படியே கரும்பு வெட்டி, மறுபடி தழைத்து, மறுபடி வெட்டி, வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

குருவி வந்தது ஒரு மழைக்கு முன்னால். லயத்துக்கு எதிரில் ஒரு இலவ மரம் இருந்தது. அதன் கிளைகளில் கறுப்பும் மஞ்சளுமான பெரிய பறவைகள் நம் தூக்கணாங்குருவி மாதிரியே, ஆனால் கை நீளத்துக்குப் பை பையாகக் கூடு பின்னித் தொங்கவிட்டிருக்கும். இந்தச் சேற்று நிறத்துக் குருவி எங்கிருந்தோ வந்து, ஒரு கூட்டுக்குப் பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. கூட்டுக்காரி விரட்டினாள், அடுத்த குச்சிக்குப் போய்க் கத்தியது. கொத்த வந்தாள், மேல் குச்சிக்குப் போய்க் கத்தியது. விடிந்ததிலிருந்து அடைகிற வரை, வெயிலென்று பார்க்காமல், மழையென்று பார்க்காமல், தொண்டையைச் செருமக்கூட நேரம் எடுக்காமல் கத்தியது. வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது கேட்டார்கள், வரும்போதும் கேட்டார்கள். கடைசியில் கூட்டுக்காரிக்கு என்ன வெறுத்ததோ, கூட்டையும் முட்டையையும் போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். குருவி உள்ளே போய், முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, தன் சம்சாரத்தைக் கூட்டிவந்து குடியேறிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். ஒரு நார் பின்னவில்லை, ஒரு அடிதடி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கத்தியே வீடு வாங்கிவிட்டது. முட்டையைத் தள்ளியது பாவம் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், அவர்களும் அடுத்த நிமிஷமே அதன் தொண்டையைப் பற்றித்தான் பேசினார்கள். தங்கள் கூட்டைவிட்டுக் கிளம்பி வந்த ஜனங்களுக்கு ஒரு கூட்டைக் கேட்டு வாங்குகிற பிராணியைப் பார்த்தால் ஆசை வராமல் என்ன செய்யும்.

பேர் வைப்பதில்தான் தகராறு. சேலத்துக்காரர்கள் ஈப்பிடிச்சான் என்றார்கள், தஞ்சாவூர்க்காரர்கள் வாயாடி என்றார்கள், மாரியம்மனுக்கு உடுக்கை அடிக்கிற பூசாரி தாண்டவன் இது குறி சொல்லுகிற ஜாதி, கோடாங்கி என்று வைப்போம் என்றார். சண்டை முற்றி, இரண்டு லயத்துக்காரர்கள் பேசாமலே இருந்தார்கள். அப்போதுதான் சடையன் வந்தான். கரும்பு வெட்டுவதிலும் கேலி பேசுவதிலும் அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆள். மரத்தடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, "இந்தா, உனக்கு யாரும் பேர் வைக்க வேணாம். உன் பேரு சடையன். போ," என்று சொல்லிவிட்டு வந்து கஞ்சி குடித்தான்.

மறுநாள் விடிந்ததும் குருவி "சடையா" என்று கூப்பிட்டது. தெளிவாக, ஆற்றங்கரையில் நின்று அம்மாக்காரி கூப்பிடுகிற மாதிரி, கடைசியில் ஒரு இழுப்போடு கூப்பிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கடலையே தாண்டி வந்தவர்களுக்கு ஒரு குருவி பேசினால் என்ன. ஒரு ஆம்பிளையை ஆளில்லாத மாதிரி இப்படி மொட்டையாகக் கூப்பிடலாமா என்பதுதான் பேச்சாக இருந்தது. சடையன் முதலில் சிரித்தான், மத்தியானம் காதைப் பொத்தினான், வெட்டுக் கத்தியைப் போட்டுவிட்டு வந்து மரத்தடியில் நின்று, "வந்துட்டேன், விடு," என்றான். குருவி வாயை மூடிக்கொண்டது.

அப்படித்தான் அதன் வழக்கம் ஊருக்குத் தெரிந்தது. ஒரு பேரை அதற்கென்று வைத்தால் எடுத்துக்கொள்ளும், பேருக்குரியவர் நேரில் வந்து நிற்கிறவரை கூவும், வந்துவிட்டால் அதோடு சரி, அடுத்த பேர் வைக்கலாம். பிடிவாதம் அதே பிடிவாதம்தான், கூட்டுக்காரி கிளம்புகிறவரை விடாதது, பேர்க்காரர் வருகிறவரையும் விடவில்லை. ஜனங்கள் அதைச் சீக்கிரமே வீட்டுக் காரியத்துக்குப் பழக்கிக்கொண்டார்கள். காணாமல்போன ஆட்டின் பேரை வைத்தார்கள், ஆடு வந்து நின்றது. கோபித்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போன மச்சான் பேரை வைத்தார்கள், மச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தோட்டத்து துரை, குருவியால் வேலை கெடுகிறதென்று துப்பாக்கியோடு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் சடையன் முந்திக்கொண்டு போய் துரை பேரை வைத்துவிட்டான். மறுநாள் காலை துரை படுக்கைச் சட்டையோடு வந்து மரத்தடியில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார், எதற்கு வந்தோமென்று அவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த மரத்துப் பக்கம் துப்பாக்கி வரவில்லை.

காத்தாயி ஒரு காரியம் செய்தாள். அவளுக்குக் கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை செத்துப்போயிருந்தது, பவுனு என்று பேர், துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் பேரைக் கொண்டுபோய்க் குருவிக்கு வைத்துவிட்டாள். குருவிக்கு உயிரோடு இருப்பவர், செத்தவர் என்று என்ன தெரியும். பவுனு, பவுனு என்று கூவியது, ஒரு வாரம் கூவியது, தொண்டை கட்டிக்கொண்டும் கூவியது, அதன் ஜோடி பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சேர்ந்து கூவியது. காத்தாயி மரத்தைக் கட்டிக்கொண்டு, "அவ வரமாட்டா, போதும்டா, விட்டுடு," என்று கெஞ்சினாள். லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் பிள்ளை பெற்றிருந்த ஒரு தெலுங்குக்காரி, காத்தாயியோடு முன்பின் ஒரு வார்த்தை பேசியிராதவள், பச்சைக் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "இதி பவுனு," என்று சொல்லி மரத்தடியில் நின்றாள். குருவி நிறுத்தியது. அந்தக் குழந்தை வளர்ந்ததெல்லாம் காத்தாயி இடுப்பில்தான். பூசாரி தாண்டவன் அன்று எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் செத்தவர் பேரை யாரும் இந்த ஜீவனுக்கு வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்.

இதையெல்லாம் உண்ணாமலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேலைக்குப் போகும்போது குருவியைப் பார்ப்பாள், வரும்போது பார்ப்பாள், பேர் நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டுத் தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவாள்.

சடையன்தான் அவளை உலுக்கினான். கேலிக்காரன் அன்று கேலி பேசவில்லை. தோட்டத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு, தனியாக இருக்கிறவளை இப்படியே விட்டுவைக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"உண்ணாமல, மனசுல பட்டதைச் சொல்றேன்," என்றான். "உன்னைக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசை. நெட்டை இருந்தா வரட்டும், நானே படகு தள்ளிக் கூட்டியாந்து விடுவேன். இல்லைன்னா இல்லைன்னு ஆகட்டும். இருக்காரா இல்லையான்னு தெரியாம நீயும் பாதி, நானும் பாதி. இந்த மழை முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு."

அவன் நல்லவன் என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

காத்தாயி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "வேணாம்டி. அது நிறுத்தாது. அவர் இல்லாம போயிருந்தா நீ சாகறவரைக்கும் அது நிறுத்தாது. நான் கேட்டவ, சொல்றேன்."

"மனுசங்ககிட்ட சொன்னா தோட்டம் தோட்டமா, படகு படகா சொல்லிக்கினே இருக்கணும், அக்கா. இதுங்கிட்ட ஒருவாட்டி சொன்னா போதும்," என்றாள் உண்ணாமலை. "ஒரு நாளு. அவுங்க ஆயுசுல ஒரே ஒரு நாளை நான் எடுத்துக்கறேன். வந்தப்புறம் கால்ல விழுந்துக்கறேன்."

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சேலையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். மரத்தடியில் நின்றாள். குருவி நனைந்துபோய் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் நாக்கு தொடாத பேர், அரிசி புடைக்கும்போதும் அழும்போதும் தனக்குள்கூட முழுசாக உச்சரிக்காத பேர், அதை வெளியே எடுத்தாள்.

"உம்பேரு வேடியப்பன்," என்றாள்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உதடு சுட்டுவிட்ட மாதிரி இருந்தது.

குருவி மழை விடுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. "வேடியப்பா" என்றது, மறுபடி "வேடியப்பா" என்றது, மூச்சு விட்டது, மறுபடி சொன்னது. அப்போதுதான் உண்ணாமலைக்குத் தலையில் இடி விழுந்தது. அவள் சொன்னது ஒரே தடவை. ஆனால் அவள் கொடுத்த பேரை அது ஒரு தடவையோடு விடுகிற ஜாதியா? வருஷக்கணக்காக அதன் தொண்டையைப் பார்த்து அசந்துகொண்டிருந்தவள், தன் காரியம் என்று வந்ததும் அதை மறந்தே போனாளே. ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு நாள் என்றால், இந்த மழை விடுவதற்குள் ஒரு வருஷம் போய்விடும், பொழுது சாய்வதற்குள் ஒரு ஆயுசே போய்விடும். "நிறுத்து, சாமி, நிறுத்து," என்று மரத்தில் அடித்தாள். ஆட்டின் பேரைச் சொல்லிப் பார்த்தாள், தன் பேரையே வைத்துப் பார்த்தாள், எடுத்துக்கொள்ளவில்லை. சடையன் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கினான், அடுத்த கிளைக்குப் போய்க் கூவியது. அன்றைக்குத்தான் அவன் அந்தப் பேரை முதல் தடவையாகக் கேட்டான்.

பூசாரி தாண்டவனிடம் போய் விழுந்தாள். அவர் வெற்றிலையை வாய் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"தாயி, நீ சொன்னது ஒரு தடவை. அது சொல்றது அதோட பேரை. ஒரு குருவி தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டா உன் புருஷன் ஆயுசு ஏன் குறையணும்?"

"நெசமாவா, சாமி?"

பெரியவர் பொய் சொல்லத் தெரியாதவர். "அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கிறேன்," என்றார்.

அது போதவில்லை. யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது, காத்தாயிதான் என்று தெலுங்குக்காரி சொல்வாள், தெலுங்குக்காரிதான் என்று காத்தாயி சொல்வாள். மறுநாள் விடியலில் காத்தாயி ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் மரத்து வேரில் ஊற்றி, "இன்னிக்குப் போறது என் ஆயுசுல போகட்டும், அவரோடதைத் தொடாதே," என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மறுநாள் தெலுங்குக்காரி. அதற்கு மறுநாள் சேலத்துப் பெண்களும் தஞ்சாவூர்ப் பெண்களும், அதுவும் ஒன்றாக, பேர் வைக்கிற சண்டையில் பேச்சை விட்டவர்கள். எவனென்றே தெரியாத ஒரு நெட்டைக்கு, பார்த்தேயிராத ஒரு புருவத் தழும்புக்கு, ஒவ்வொருத்தியும் தன் நாளில் ஒரு நாளைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஒருத்தியும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த ஜனங்களிடம் எடுத்துக் கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது, நாள்தான் இருந்தது. சடையனும் ஒரு நாள் குடத்தோடு போனான், ஆம்பிளைக்கு இது உண்டா என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கும்தான் பதில் வேணும்," என்றான்.

குருவியோ நிறுத்தவில்லை. பக்கத்து மரத்தில் ஜோடி சேர்ந்துகொண்டது. ஆற்றுக்கு அக்கரையில் இன்னொன்று கேட்டு எடுத்துக்கொண்டது. அப்புறம் அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று, கரும்பு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒன்று, காட்டுக்குள் யாரும் போகாத நீரோடைகளின் தலைப்பில் ஒன்று, இப்படி அந்தச் சேற்று நிறத்துக் குருவிகள், பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத குருவிகள், ஒரு செங்கத்துக் காட்டுச் சாமியின் பேரை வாய்க்கு வாய் மாற்றி ஆற்றோடு எடுத்துக்கொண்டு போயின. படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள், மூன்று தோட்டம் தள்ளியும் அதே பேர்தான் கேட்கிறது, எங்கே போனாலும் இலைக்குப் பின்னாலிருந்து அதே பேர்தான். வேடியப்பன் குருவி, வேடியப்பன் குருவி என்று அதற்குப் பேரே நிலைத்துவிட்டது, ஈப்பிடிச்சான்காரர்களும் கோடாங்கிக்காரர்களும்கூட அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். உண்ணாமலை ஒருத்தி மட்டும்தான் அந்தக் கரையில் அந்தக் குருவியின் பேரைச் சொல்ல முடியாதவள். "அது" என்பாள். முடியாத பட்சத்தில் "அவுங்க குருவி" என்பாள்.

மழை முடிகிற நாள் நெருங்கியது. சடையன் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் அவனிடம் போனாள்.

"அது இன்னும் கூவிக்கினே கீது," என்றாள். "நிக்கலைன்னா அவுங்க இல்லைன்னுதானே அர்த்தம்."

"நிக்கலைன்னா அவர் இன்னும் நடந்துகிட்டிருக்கார்னு அர்த்தம்," என்றான் சடையன். அந்த வார்த்தைக்காக அவனுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

மழை விட்டு முதல் வெயில் அடித்த அன்று, பெண்கள் தழை உலர்த்திக்கொண்டிருந்தபோது, எல்லாருடைய காதிலும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. குருவி நிறுத்திவிட்டிருந்தது. அக்கரையில் நின்றுவிட்டது, ஆற்றின் மேலே நின்றுவிட்டது, காடு முழுக்க நின்றுவிட்டது. உண்ணாமலை கையிலிருந்த தழையைப் போடாமலே எழுந்தாள்.

மரத்தடியில் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். நெட்டையான உருவம், உடம்பில் மரம் வெட்டுகிறவர்களின் வடுக்கள், தலை இலவம்பஞ்சாக வெளுத்திருந்தது, மார்பு முடிகூட வெளுத்திருந்தது. பக்கத்தில் சடையன், படகுத் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அக்கரைவரை நடந்து வந்து நின்றவரை, சொன்ன மாதிரியே படகு தள்ளிக் கூட்டிவந்திருந்தான். உண்ணாமலை கிட்டே போய், கிழவரின் இடது புருவத்தைப் பார்த்தாள். கப்பலில் ஏறும்போது அவனுக்கு இருபத்தைந்துகூட நிரம்பவில்லை.

"காய்ச்சல் விட்டு எழுந்து உன்னைத் தேடினேன்," என்றான் வேடியப்பன். "தேடி ஓடினவனை ஓடிப்போனவன்னு புடிச்சு மரம் வெட்டற முகாமுக்குத் தள்ளிட்டாங்க. அங்க ஒருநாள் மரத்து மேல இருந்து எம்பேரைக் கூப்புட்டாங்க. எந்தத் தெசைல இருந்து கூப்புட்டாங்களோ அந்தத் தெசைல நடந்தேன். ஒரு குருவியோட சத்தம் தேயற எடத்துல அடுத்தது கூப்புடும். வழி தப்பவே இல்லை, புள்ள."

உண்ணாமலை அவன் காலில் விழுந்தாள். வெளுத்த தலையைப் பார்த்து அழுதாள். "நான்தான். நான்தான் பேரை வச்சேன். எத்தினி நாளைத் தின்னுட்டேனோ."

அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். "நீ கூப்புடாம இருந்த நாளுதான் எனக்குப் போன நாளு," என்றான். "மிச்சத்தை எண்ணாதே. இருக்கறது எல்லாம் இங்கதான்."

தலை வெளுத்தது காட்டுக் காய்ச்சலால் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் தங்கள் குடத்தை நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊற்றினது வீண்போகவில்லை. வெளுத்த தலை வெளுத்ததுதான், ஆனால் அந்த ஆள் கிழவராகவே இருந்துகொண்டு பூசாரி தாண்டவனைவிட, துரையைவிட, துரைக்குப் பின்னால் வந்த துரைகளைவிட அதிக காலம் இருந்தார். தெலுங்குக்காரியின் பவுனுக்குப் பேரன் பிறந்தபோது வாழ்த்தினவர் அவர்தான். சடையன் பின்னால் ஒரு சேலத்துப் பெண்ணைக் கட்டினான், வாய் மறுபடி கேலிக்குத் திரும்பியது. குருவிக்கு அதற்கப்புறம் யாரும் வேறு பேர் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அது வந்து, யார் கூட்டுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பேரையே கூவும். வெள்ளைத்தலைக்காரர் வெளியே வந்து மரத்தடியில் நின்று, "இருக்கேன், இருக்கேன்," என்று சொன்னால் நிறுத்திவிடும்.

ரொம்ப காலம் கழித்து, பறவைகளுக்குப் பேர் சேகரிக்கிற ஒரு துரை அந்தக் கரைக்கு வந்தார். நல்ல மனுஷர், தமிழ்கூடக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். இலவ மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, அந்தச் சின்ன உருவத்திலிருந்து வருகிற பெரிய சத்தத்தைக் கேட்டு அசந்துபோய், எதிரில் தழை உலர்த்திக்கொண்டிருந்த கிழவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, இந்தக் குருவிக்கு என்ன பேர்?"

கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். துரை பொறுமையாக மறுபடி கேட்டார். மறுபடி குனிந்தாள், இந்தத் தடவை ஒரு சிரிப்போடு. அப்புறம் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, லயத்து வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இந்தாங்க. ஒரு துரை வந்து உங்களைக் கேக்குறாரு."

உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. மரத்துக் குருவி வாயை மூடிக்கொண்டது.